காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஒரு காலை நடை

திருவரங்கத்தை அடுத்த மேலூரில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில், 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, குழந்தைகளும் முதியவர்களும் சிரமமின்றி நடக்கக்கூடிய சமதளப் பாதைகளைக் கொண்டது.

வண்ணத்துப்பூச்சிகள் தம் உடல் வெயிலில் சூடேறிய பிறகே நன்றாகப் பறக்கத் தொடங்கும் என்பதால், விடியற்காலையில் சென்று ஏமாறாமல், இளவெயில் ஏறும் ஒன்பது மணியளவில் நடையைத் தொடங்குவது நல்லது. பூக்களை மட்டும் பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து. எருக்கஞ்செடி கண்ணில் பட்டால் சற்றுக் குனிந்து இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி அங்கேதான் வெண்ணிற முட்டைகளை ஒவ்வொன்றாக இடும். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளோடு, முதுகில் மூன்று இணைக் கருங்கொம்புகள் நீட்டியிருக்கும் அதன் புழுவைக் காண்பதே எனக்குத் தனி மகிழ்ச்சி. இலையைக் கிள்ளவோ புழுவைத் தொடவோ வேண்டாம்; எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்துன்பம் தரும்.

தண்ணீர், தொப்பி, முழுக்கைச் சட்டை ஆகியவை போதும்.

நடை முடிந்ததும் ஆற்றங்கரைக்குச் செல்ல விரும்புவோர், மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12க்குப் பிந்தைய மாதங்களில் நீர்வரத்து எப்போது வேண்டுமானாலும் கூடலாம் என்பதையும், மணல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் தெரியாமல் கிடக்கக்கூடும் என்பதையும் மனத்தில் கொண்டு, படித்துறையைத் தாண்டி இறங்காமல் இருக்க வேண்டும். குழந்தைகளின் கையை அங்கே விடவே கூடாது.