எந்தக் கயிறு என்று பார்த்துப் பிடியுங்கள்!

ராயபுரத்திலிருந்து துறைமுகம் பக்கம் ஒரு ஷிப்பிங் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தான் என் தம்பி. முதல் நாளே மேனேஜர் பக்கத்து சீட்டுக்காரரைக் காட்டி, "ஹீ வில் ஷோ யூ த ரோப்ஸ்" என்றாராம். இவன் மேஜைக்கு அடியில் கயிறு தேடாததுதான் பாக்கி!

வேலையின் நெளிவு சுளிவுகளைச் சொல்லிக்கொடுப்பார் என்பதுதான் அதன் பொருள். பாய்மரக் கப்பலில் எந்தக் கயிற்றை இழுத்தால் எந்தப் பாய் ஏறும், எதை எப்போது தளர்த்தணும் என்பதெல்லாம் புதுசாக வந்த மாலுமிக்குப் பழைய ஆள்தான் பழக்கிவிடணும். அதிலிருந்து வந்த வழக்கு என்கிறார்கள். காசிமேட்டு மீனவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

புது வேலையில் தடுமாறும்போது, "ஐ ஆம் ஸ்டில் லேர்னிங் த ரோப்ஸ்" என்று சொல்லுங்கள். 'எனக்குத் தெரியாது' என்பதைவிட கௌரவமாக இருக்கும். நன்றாகத் தேறியவரை, "ஷீ நோஸ் த ரோப்ஸ்" எனலாம். எப்போதும் பன்மைதான். 'ரோப்' என்று ஒருமையில் சொன்னால் நிஜக் கயிறாகிவிடும்.

"ஆன் த ரோப்ஸ்" மட்டும் வேறு கதை. அது பாக்ஸிங் வளையத்துக் கயிறு. அடி தாங்காமல் கயிற்றில் சாய்ந்து நிற்பவரின் நிலை, அதாவது தோற்கப்போகிற கட்டம். பாக்ஸிங் பார்த்தே வளர்ந்த நம் வடசென்னைப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். இன்டர்வியூவில் மட்டும் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.