காற்றாலை இறகின் வெட்டுமுகத்துக்கு வளைந்த உயர்படி வலை அமைக்கும் முறை

ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றை நம்பிப் பல்லடம், உடுமலை வட்டாரத்தில் நிற்கும் காற்றாலைகளின் இறகைச் சுற்றி ஓடும் காற்றைக் கணிக்க விரும்பும் கோவைப் பொறியியல் மாணவருக்காக இக்குறிப்பு எழுதப்படுகிறது. எடுத்துக்காட்டாக 1 மீட்டர் நாண் நீளமுள்ள (நாண் என்பது முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் கோடு) நாக்கா 0012 என்னும் சமச்சீர் வெட்டுமுகத்தைக் கொள்வோம். உண்மையான இறகுகளின் வெட்டுமுகங்கள் வேறு. ஆனால் இதன் வடிவம் சமன்பாடாகவே கிடைப்பதால், பழகுவதற்கு இதுவே ஏற்றது.

ஓட்டம் நிகழும் பரப்பைப் பல கூறுகளாகப் பிரிப்பதே வலை. உயர்படி முறைகளில் ஒவ்வொரு கூறுக்குள்ளும் விடை ஓர் உயர்ந்த படியுள்ள பல்லுறுப்புக்கோவையாக அமைவதால், குறைந்த எண்ணிக்கையிலான பெரிய கூறுகளே போதுமானவை. அப்பெரிய கூறுகளின் விளிம்பு நேர்கோடாக இருந்தால், இறகின் மேற்பரப்பு பல பட்டைகளாக உடைந்த உருவமாகிவிடும். உருளையைச் சுற்றிய பாகுநிலையற்ற (உள் உராய்வு இல்லாததாகக் கொள்ளும்) ஓட்டத்தில், நேர்கோட்டு எல்லையின் காரணமாக உண்மையில் இல்லாத ஓர் ஓட்டச் சுவடு (பின்தடம்) உருளைக்குப் பின்னால் தோன்றுவதைப் பாஸியும் ரெபாயும் 1997இல் காட்டினர்.

முதலில் வடிவத்தைச் சரிசெய்ய வேண்டும். தடிப்பைத் தரும் நாக்கா சமன்பாட்டின் கடைசிக் குணகம் 0.1015 எனில் பின்விளிம்பு நாணில் சுமார் 0.25 சதவீதத் தடிப்புடன் திறந்து நிற்கும், 0.1036 எனில் மூடிக்கொள்ளும். இங்கு இரண்டாவதைக் கொள்வோம். சமன்பாட்டில் வர்க்கமூல உறுப்பு இருப்பதால், முன்விளிம்பை நெருங்க நெருங்கப் புள்ளிகள் செறியுமாறு கோசைன் இடைவெளியைப் பயன்படுத்த வேண்டும். புள்ளிகளை இணைக்கும் ஸ்ப்லைன் என்னும் வழுவழுப்பான வளைவைப் பின்விளிம்பில் மட்டும் முறித்து, மூக்கை, அதாவது முன்விளிம்பைச், சுற்றி ஒரே வளைவாக விட வேண்டும். வடிவத்தை எஸ்.டி.எல். கோப்பாக ஒருபோதும் வாங்காதீர்கள். அதில் வெறும் தட்டை முக்கோணங்களே இருப்பதால், வளைவு தொடக்கத்திலேயே தொலைந்துவிடுகிறது. ஸ்டெப் கோப்பு வளைவைக் காக்கும்.

அடுத்து வருவதே இவ்வேலையின் கடினமான பகுதி. மூக்கின் ஆரம் சுமார் 16 மி.மீ. அங்கு 10 மி.மீ. நீளமுள்ள கூறு ஒன்றை வைத்தால், நேர்விளிம்புக்கும் உண்மையான வளைவுக்கும் இடையிலான விலகல், நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுக்கக் கிடைப்பது, ஏறத்தாழ 0.8 மி.மீ. ஆகும். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் நிலைம விசைக்கும் பாகுநிலை விசைக்கும் உள்ள விகிதம்) 10 லட்சமாக இருக்கையில், நான்காம் படிக் கூறுகளுக்குச் சுவரை ஒட்டிய முதல் அடுக்கு சுமார் 0.1 மி.மீ. தடிப்பில் இருக்க வேண்டும். ஆகவே சுவர் விளிம்பை மட்டும் வளைத்தால், அது முதல் அடுக்கை மட்டுமல்லாமல் அடுத்தடுத்த அடுக்குகளையும் துளைத்து வெளியேறும். ஜேக்கோபியன் (வளையாத ஆதாரக் கூறு உண்மைக் கூறாக மாறும்போது பரப்பு எத்தனை மடங்காகிறது என்னும் அளவு; எதிர்மறையானால் கூறு தன்மேல் மடிந்துவிட்டது என்று பொருள்) எதிர்மறையாகிக் கணிப்பு தொடக்கத்திலேயே நின்றுவிடும். மெல்லிய அடுக்குகள் கொண்ட நுண்ணிய நேர்கோட்டு வலையை ஆக்கிவிட்டுப் பிறகு வளைக்க முயல்வது இதனால்தான் வீண்.

தடித்த ஒற்றை அடுக்கை முதலில் வளைத்து, அதன் பின்னரே மெல்லிய அடுக்குகளாகப் பிரிப்பது நல்லது. மேற்கண்ட ரெனால்ட்ஸ் எண்ணில் கொந்தளிப்பான எல்லைப்படலம் (சுவரை ஒட்டி வேகம் குறைந்த காற்றடுக்கு) பின்விளிம்பருகே ஏறத்தாழ 23 மி.மீ. தடிப்பை எட்டும் என்பதால், இறகைச் சுற்றி 25.5 மி.மீ. தடிப்பில் நாற்கரங்களின் ஒரே அடுக்கை அமைக்கலாம். இத்தடிப்பின் முன் 0.8 மி.மீ. விலகல் பொருட்டல்ல; கூறு சிதையாமல் வளையும். பிறகு அந்த அடுக்கை, ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரு மடங்காக, 8 அடுக்குகளாகப் பிரித்தால் முதல் அடுக்கு சரியாக 0.1 மி.மீ. ஆகிறது. பிரிப்பதைக் கூறின் ஆதார வெளியில், அதாவது வளையாத சதுரத்தில், செய்ய வேண்டும். தாய்க்கூறின் ஜேக்கோபியன் எங்கும் நேர்மறையாக இருந்தால் பிரிந்த கூறுகளிலும் அது நேர்மறையாகவே இருக்கும் என்பது இம்முறையின் பெரிய வசதி. நெக்டார் பிளஸ் பிளஸ் என்னும் உயர்படிக் கணிப்பு மென்பொருள் தொகுப்பின் நெக்மெஷ் கருவியில் இவ்வசதி உள்ளது.

வெளிப்புறத்தை முக்கோணங்களால் நிரப்புவதற்கு இலவச மென்பொருளான ஜிமெஷ் போதும். கூறின் படியை 4 என அமைத்து, உயர்படி மேம்படுத்தலை இயக்கினால், சுவரின் வளைவு உள்முனைகளுக்கும் (கூறுகளின் வடிவை நிர்ணயிக்கும் உட்புள்ளிகளுக்கும்) பரவும்; வலையை மீள்தன்மையுள்ள திடப்பொருளாகக் கருதி முனைகளை நகர்த்தும் வழியும் அதில் உண்டு. நான்காம் படியில் ஒரு நாற்கரத்துக்கு 25 முனைகளும் முக்கோணத்துக்கு 15 முனைகளும் வரும். இதற்கு மேல் படியை உயர்த்துவதால் வடிவத்தில் கிடைக்கும் ஆதாயம் பெரும்பாலும் சிறிது; பிழை தேடும் சிரமம்தான் மிகும்.

சோதிக்கையில் முனைகளில் மட்டும் ஜேக்கோபியனைப் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. நான்காம் படி நாற்கரத்தில் அது ஒவ்வொரு திசையிலும் ஏழாம் படிக் கோவையாக இருப்பதால், முனைகளுக்கு இடையே எதிர்மறையாகத் தாழக்கூடும். கோவையைப் பெசியே வடிவில் (குணகங்களே மதிப்பின் வரம்பைக் காட்டும் வடிவில்) எழுதி அதன் கீழ்வரம்பைக் கணக்கிடும் ஆய்வு ஜிமெஷில் இருக்கிறது. அதையே நம்ப வேண்டும். கூடவே எளிய சோதனை ஒன்றையும் செய்யலாம்: கணிப்புப் பரப்பின் வெளியெல்லை அடைக்கும் பரப்பளவிலிருந்து வலையின் மொத்தப் பரப்பளவைக் கழித்தால், மூடிய நாக்கா 0012க்கு 0.0817 சதுர மீட்டர் கிடைக்க வேண்டும். இறுதியாக, ஒலியினும் மெதுவான பாகுநிலையற்ற ஓட்டம் ஒன்றைக் கணித்து என்ட்ரோப்பியை (ஆற்றல் இழப்பைக் காட்டும் அளவை) பாருங்கள். கொள்கைப்படி அது எங்கும் மாறாதிருக்க வேண்டும். மூக்கருகே அது உயர்ந்தால், அங்குள்ள வளைவையும் கூறு நீளத்தையும் மீண்டும் ஆராய வேண்டும்.

இவ்வரிசை கோவைப் பம்ப் பட்டறைகளில் வார்க்கப்படும் இம்பெல்லரின் (நீரைத் தள்ளும் சுழல்சக்கரத்தின்) இதழுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் அங்கு இதழ்களுக்கு இடையிலான வழி குறுகலாக இருப்பதால், எதிரெதிர்ச் சுவர்களின் தடித்த அடுக்குகள் ஒன்றையொன்று முட்டாதவாறு தடிப்பை முன்கூட்டியே குறைத்துக்கொள்ள வேண்டும்.