சுரைப்பிஞ்சு வெம்பி உதிர்வதை நிறுத்தியது இப்படித்தான்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மொட்டைமாடியில் ஆடிப்பட்டத்தில் போட்ட சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்தது. பூவும் நிறைய. ஆனால் பிஞ்சுகள் விரல் நீளம்கூட வராமல் மஞ்சளாகி வெம்பி உதிர்ந்தன. உரம் போதவில்லை என்றார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இலையெல்லாம் கரும்பச்சையாகச் செழிப்பாக இருந்தது.

காரணம், மகரந்தம் சேராததுதான். சுரைப்பூ சாயங்காலம் விரிந்து மறுநாள் வாடிவிடும். இருட்டில் வரும் அந்துப்பூச்சிகள்தான் அந்த வேலையைச் செய்யும். கடல் காற்று வீசுகிற எங்கள் மாடியில் அவற்றைப் பார்ப்பதே அரிது. சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

நீண்ட காம்பில் வெறும் பூவாக நிற்பது ஆண். பூவுக்கு அடியில் குட்டிச் சுரைக்காய் இருந்தால் பெண். விளக்கு வைக்கிற நேரத்தில், புதிதாய் விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவ வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. பிடித்துவிட்டால் பிஞ்சு பச்சை மாறாமல் பருக்கத் தொடங்கும்.

முதல் காயை நகம் சுலபமாக இறங்குகிற பதத்திலேயே பறித்தேன். முற்றவிட்டால் கொடி அடுத்த காய் பிடிப்பது குறையும். அம்மா அதில் முதுநகர் இறால் போட்டுக் குழம்பு வைத்தார். அப்படி ஒரு ருசி!

பீர்க்கனும் புடலும் சாயங்காலத்துக்கு மேல்தான் பூக்கும், அவற்றுக்கும் இதே முறைதான். பூசணிக்கு மட்டும் விடிகாலையில் செய்யுங்கள்.