ஓடைக்கரையில் பெரிய குடியிருப்பு வருகிறதா? ஆட்சேபனை எடுபட என்ன செய்யவேண்டும்

ஓடை ஓரத்துக் காலி நிலத்தில் பலகை நட்டுவிட்டார்கள், அதிலிருக்கும் வீடுகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தெருவே வாயைப் பிளக்கிறது, வாட்ஸ்அப் குழுவில் கோபம் கொதிக்கிறது. சரி, கோபப்படுங்கள். ஆனால் அந்த நிலம் ஏற்கெனவே குடியிருப்புக்கு என்று வகைப்படுத்தப்பட்டிருந்தால், "இங்கே எதுவுமே கட்டக்கூடாது" என்ற மனு கோப்புக்குள் போய் அப்படியே தூங்கிவிடும். "ஓடைக்கு இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு பெரிதாக எதற்கு?" என்று அவர்களுடைய கணக்கை வைத்தே கேட்கும் மனுவை அவ்வளவு சுலபமாக ஒதுக்கமுடியாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கெடு தேதியைப் பாருங்கள். கருத்து சொல்லக் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் சில வாரங்கள்தான், அதில் பாதி பலகை கண்ணில் படுவதற்குள்ளேயே போயிருக்கும். பல நாடுகளில் அந்த அவகாசத்துக்குள் எழுத்தில் ஆட்சேபனை கொடுத்தவருக்கு மட்டுமே பின்னால் மேல்முறையீட்டு உரிமை உண்டு. அதனால் முதல் நாளே அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ ஒப்புகையோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விவரமான கடிதம் அப்புறம் போகட்டும். இன்னொரு பொறி உண்டு: பில்டர் திட்டத்தைத் திருத்தி மறுபடி கொடுத்தால், பழைய ஆட்சேபனை தானாகப் புதுக் கோப்புக்குப் போகும் என்று நம்பாதீர்கள். கேட்டு உறுதி செய்யுங்கள், சந்தேகம் இருந்தால் மறுபடி கொடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளவேண்டும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் குடியிருப்புத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும், ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கிடையாது. கூட்டம் போடுவார்கள், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் காத்திருக்கவேண்டியதுதான். அனுமதி வந்த பிறகு பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள், தக்க காரணம் காட்டினால் மேலும் அதிகபட்சம் 60 நாள். வரம்புக்குச் சற்றுக் கீழே இரண்டு மூன்று திட்டங்கள் ஒரே நிலத்தில் வேறுவேறு பெயரில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரே பாதை, ஒரே வடிகால், ஒரே உரிமையாளர் என்றால் அது ஒரே திட்டம்தான் என்று வாதிட இடம் இருக்கிறது.

இனி கோப்பு. வரைபடங்கள், நீரியல் அறிக்கை (மழைநீரும் வெள்ளமும் எப்படி ஓடும் என்ற கணக்கு), போக்குவரத்து அறிக்கை எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். முந்நூறு பக்கத்தைப் பார்த்து மலைக்கவேண்டாம், நான்கைந்து இடங்களைப் பார்த்தால் போதும். முதலாவது, ஓடையிலிருந்து விடவேண்டிய இடைவெளியை எங்கிருந்து அளந்திருக்கிறார்கள்? ஓடையின் நடுவிலிருந்தா, தண்ணீர் ஓடும் விளிம்பிலிருந்தா, கரையின் மேல்விளிம்பிலிருந்தா? கரை அகலமாக இருந்தால் இந்த ஒரு தேர்விலேயே ஒரு கட்டட வரிசைக்கான இடம் வந்துவிடும். விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, அளவுகோலை வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

அடுத்தது மழைக்கணக்கு, எனக்குப் பிடித்த இடம். ஒரு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5 லட்சம் லிட்டர் தண்ணீர். காலி நிலத்தில் அதில் நல்ல பங்கு மண்ணுக்குள் இறங்கும். கூரையும் கான்கிரீட்டும் போட்டபிறகு கிட்டத்தட்ட எல்லாமே வழிந்து ஓடும். இந்தப் பங்கை வழிந்தோடு கெழு என்ற ஒரு எண்ணாக எழுதுவார்கள்: கூரைக்கும் தார்ச்சாலைக்கும் 0.9ஐ ஒட்டி, புல்வெளிக்கு மண்ணையும் சரிவையும் பொறுத்து 0.05 முதல் 0.35 வரை என்பது பாடநூல்களில் வழக்கமாக இருப்பது. அறிக்கையில் 'கட்டுவதற்கு முன்' என்ற வரிசையைத் தேடுங்கள். புல்லும் புதருமாகக் கிடக்கும் நிலத்துக்கு 0.5 என்று போட்டிருந்தால், இப்போதே நிறைய தண்ணீர் வழிகிறது என்று காட்டி, கட்டியபிறகு கூடும் அளவைச் சின்னதாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பக்க எண்ணைக் குறித்து, நிலத்தின் புகைப்படத்தை ஒட்டி, "இந்த எண் எங்கிருந்து வந்தது?" என்று ஒரே வரி கேளுங்கள்.

மழைநீரைப் பிடித்துவைத்து மெதுவாக வெளியேவிடும் தேக்கக் குளம் கட்டுகிறோம், அதனால் பிரச்சினை இல்லை என்பார்கள். குளம் உச்ச வேகத்தைக் குறைக்கும், உண்மைதான். ஆனால் கூடுதல் தண்ணீர் எங்கும் போய்விடாது, மெதுவாக, அதிக நேரத்துக்கு ஓடையில் இறங்கும், அப்படி நீண்ட நேரம் ஓடும் தண்ணீர் கரையை அரிக்கும். வெளியேறும் வாய் அடைத்துக்கொண்டால் யார் தூர்வாருவது, பத்து வருடம் கழித்து யார் செலவு செய்வது? பல திட்டங்களில் இதற்குப் பதிலே இருக்காது.

நிலத்தை மண்ணடித்து மேடாக்குகிறார்களா என்றும் பாருங்கள். வெள்ளம் பரவும் இடத்தை மேடாக்கினால், அந்தத் தண்ணீர் எதிர்க்கரைக்கோ கீழே இருப்பவர்களுக்கோ போகும். கூட்டத்தில் யாராவது "இது நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்தானே" என்றால் கணக்கைச் சொல்லுங்கள். ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள், 30 வருட வீட்டுக்கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வர ஏறக்குறைய 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

உங்களிடம் மட்டுமே இருக்கும் சான்று ஒன்று உண்டு, அதை எந்த ஆலோசகராலும் ஒரு நாள் வந்து எடுத்துப் போகமுடியாது. வெள்ளம் வடிந்த மறுநாள் ஓடைக்குப் போங்கள். முள்மரத்துக் கிளையில் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் ஒரே மட்டத்தில் சிக்கிக் கிடக்கும், சுவரில் சேற்றுக்கோடு இருக்கும். தரையிலிருந்து அதுவரை டேப் பிடித்து, எண் தெரியும்படி படம் எடுங்கள், தேதியையும் இடத்தையும் எழுதிவையுங்கள். ஓடையைக் கடக்கும் சிறுபாலத்தில் எந்த மழைக்கு எவ்வளவு உயரம் வந்தது, எப்போது குப்பை அடைத்தது என்று பழைய ஆட்களிடம் கேட்டு, போனில் கிடக்கும் பழைய வீடியோக்களையும் திரட்டுங்கள். அவர்களுடைய வெள்ள வரைபடத்தில் காய்ந்து கிடக்கும் இடத்தில் உங்கள் படத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றால், அந்த வரைபடத்தைத் திரும்பப் பார்க்கச் சொல்ல அது போதும்.

போக்குவரத்து எண்ணிக்கையைப் பள்ளி விடுமுறையில் எடுத்தார்களா, உயிரினக் கணக்கெடுப்பைத் தவளை ஒன்றுகூடக் கத்தாத கோடையில் எடுத்தார்களா என்று தேதிகளைப் பார்த்தாலே தெரியும்.

ஒரே கடிதத்தை நகலெடுத்து ஐந்நூறு பேர் கையெழுத்துப் போடுவதைவிட, பத்துப் பேர் பத்து விஷயத்தைத் தங்கள் சொந்த வார்த்தையில் எழுதுவது கனமானது. பல அலுவலகங்களில் நகல் மனுக்கள் ஒரே ஆட்சேபனையாகத்தான் எண்ணப்படும். கூட்டம் நடந்தால் ஒருவருக்கு சில நிமிடங்கள்தான் கிடைக்கும், ஒருவர் தண்ணீர், ஒருவர் சாலை, ஒருவர் இடைவெளி என்று பிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டு விலை குறையும், காட்சி மறையும் என்பதையெல்லாம் பெரும்பாலான விதிகள் கணக்கில் எடுப்பதில்லை. "யார் யாரோ குடிவந்துவிடுவார்கள்" என்று வாயே திறக்காதீர்கள். அது அசிங்கம், அதோடு மற்ற ஒன்பது நியாயமான ஆட்சேபனைகளையும் சேர்த்து நாறடித்துவிடும். வீடு தேவைப்படுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். பில்டர் லஞ்சம் கொடுத்தார் என்று ஆதாரம் இல்லாமல் எழுதுவதும் அதே ரகம். அவதூறு நோட்டீஸ் வந்தால் குழு மறுநாளே கலைந்துவிடும்.

மாற்றாக என்ன வேண்டும் என்று கட்டாயம் எழுதுங்கள்: ஓடையை ஒட்டிய வரிசையை எடுத்துவிடு, இரண்டு தளத்தைக் குறை, கரையோரம் நிலத்தடி வாகன நிறுத்தம் வேண்டாம், கரை மரங்களை வெட்டாதே, இப்படி. எண்ணோடு கேட்டால் பேரம் பேச இடம் வரும். பில்டர் கூப்பிட்டுப் பேசினால் தனியாகப் போகாதீர்கள், அவர் ஒப்புக்கொண்டதை அனுமதி ஆணையின் நிபந்தனையாகவே எழுதவையுங்கள். கைகுலுக்கிச் சொன்னதை அடுத்த மேலாளர் கேள்விப்பட்டிருக்கமாட்டார்.

திட்டம் சுருங்கி அனுமதி கிடைத்துவிட்டால் வேலை தொடங்கும் முன் ஓடையின் இரு கரைகளையும் படம் எடுத்துவையுங்கள். முதல் மழையிலேயே தோண்டிய மண் கரைந்து ஓடையில் இறங்கும். மேலே தெளிவாகவும் மனைக்குக் கீழே காப்பி நிறத்திலும் ஓடும் தண்ணீரை ஒரே நேரத்தில் எடுத்த இரண்டு படங்களும், ஆணையில் மண்தடுப்பு பற்றிய நிபந்தனையின் எண்ணும் கையில் இருந்தால் புகாருக்கு ஐந்து வரி போதும்.