ஆன்டிவைரஸ் அப்டேட்டுக்குப் பின் கணினி முடங்கினால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைரஸ் தடுப்பு மென்பொருள் இயங்குதளத்தின் அடித்தளம் வரை அதிகாரம் பெற்று இயங்குவதால், அதன் அப்டேட்டில் நேரும் சிறு பிழையும் கணினி முழுவதையும் செயலிழக்கச் செய்துவிடும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி நிறுவனம் வெளியிட்ட வைரஸ் வரையறைக் கோப்பு (வைரஸ்களை அடையாளம் காண உதவும் பட்டியல்) ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்கு இன்றியமையாத ஒரு கோப்பையே வைரஸ் எனக் கருதியதால், பல கணினிகள் மீண்டும் மீண்டும் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. ஆகவே பயனர் எரிச்சலடைவதில் வியப்பில்லை. ஆனால் அந்த எரிச்சலில் செய்யும் காரியங்களே பல நேரங்களில் அப்டேட்டைவிட அதிக இழப்பை உண்டாக்குகின்றன.

அவற்றுள் மிகப் பெரியது, கணினி தொடங்கவில்லை என்றதும் ஹார்ட் டிஸ்கை ஃபார்மட் செய்துவிடுவது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான அப்டேட்டால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றபோது, இன்றியமையாதவை மட்டும் இயங்கும் சேஃப் மோடில் நுழைந்து குறிப்பிட்ட ஒரு கோப்பை நீக்குவதே தீர்வாக இருந்தது. ஆனால் டிஸ்கைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் மூலம் பூட்டப்பட்டிருந்த கணினிகளில் அதைச் செய்ய 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்பட்டது. அச்சாவியை அதே கணினியில் மட்டும் சேமித்து வைப்பதும் ஒரு தவறுதான் என்பது பலருக்கு அப்போதுதான் புரிந்திருக்கும். அதைத் தாளில் எழுதியோ வேறொரு கருவியில் சேமித்தோ வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, ஐயத்துக்குரிய கோப்புகளை ஆன்டிவைரஸ் தனிமைப்படுத்தி வைக்கும் குவாரண்டைன் பகுதியிலுள்ள அனைத்தையும் அவசரமாக அழித்துவிடுவது. தவறாகப் பிடிபட்ட கோப்பு அங்கே இருக்கும்வரை அதைத் திரும்பப் பெறலாம். திருத்தப்பட்ட வரையறை வந்த பின் மீட்டெடுப்பதே முறை. இதற்கு நேர்மாறாக, தொல்லை தீரட்டும் என்று சி டிரைவ் முழுவதையும் ஸ்கேனிலிருந்து விலக்கி வைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தபின் மென்பொருளை வைத்திருப்பதில் என்ன பொருள்? விலக்கு அளிக்க வேண்டுமானால், நம்பகமானது என்று உறுதியாகத் தெரிந்த அந்த ஒரு கோப்புக்கு மட்டும் அளிக்க வேண்டும்.

பழையதை நீக்காமலேயே வேறொரு நிறுவனத்தின் ஆன்டிவைரஸை நிறுவுவதும் பரவலாகக் காணப்படும் பிழை. இரண்டும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் சோதிக்க முயல்வதால் கணினி மந்தமாவதோடு, ஒன்றை மற்றொன்று ஐயத்துக்குரியதாகக் கருதவும் கூடும். வழக்கமான அன்இன்ஸ்டாலுக்குப் பிறகும் அதன் டிரைவர்கள் (இயங்குதளத்தோடு ஒட்டி இயங்கும் துணை நிரல்கள்) எஞ்சக்கூடும் என்பதால்தான் பல நிறுவனங்கள் தனியாக நீக்கக் கருவிகளை வழங்குகின்றன. அவற்றையும் நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே பெற வேண்டும். 2024 குழப்பத்தின்போது தீர்வு தருவதாகச் சொல்லி மோசடித் தளங்களும் தீம்பொருள்களும் உடனே முளைத்தன.

அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்திவிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அமைப்புகளில் அதற்கான வசதி இருந்தால், ஆன்டிவைரஸ் நிரலின் புதிய பதிப்பைச் சில நாட்கள் தள்ளிப்போடலாம். நாள்தோறும் வரும் வைரஸ் வரையறைகளைத் தள்ளிப்போடக் கூடாது. மாற்று ஏற்பாடு வரும்வரை, விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான விண்டோஸ் டிஃபெண்டர் இயங்குகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வேறு ஆன்டிவைரஸ் முறையாக நீக்கப்பட்டால் அது பொதுவாகத் தானே செயல்படத் தொடங்கும். அரைகுறையாக நீக்கப்பட்டால் அணைந்தே கிடக்கக்கூடும்.