ஐயாவும் பேரனும் சேர்ந்து பார்க்க ஒரு காலப் பயணப் படம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறைக்கோ பிள்ளையார் நோன்புக்கோ காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பெரிய வீடுகளில் சொந்தமெல்லாம் கூடும்போது, ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்க்கலாமே என்ற பேச்சு எழும். என்னைக் கேட்டால் 1985இல் வந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தைத்தான் சொல்வேன். ராபர்ட் ஜெமெக்கிஸ் இயக்கிய இந்தப் படத்துக்கு நாற்பது வயதாகியும் ஐயாவையும் பேரனையும் ஒரே இடத்தில் சிரிக்க வைக்கிறது. ஆனால் போட்டுக் காட்டுகிறவர்கள் செய்யும் சில தவறுகளால், பாதியிலேயே ஆளாளுக்கு எழுந்து போய்விடுகிறார்கள்.

முதலாவது, அறிவியல் படம் என்று சொல்லி உட்கார வைப்பது. டெலோரியன் கார் மணிக்கு 88 மைல் வேகத்தைத் தொட்டால் காலத்தைத் தாண்டும், அதற்கு 1.21 ஜிகாவாட் மின்சாரம் வேண்டும். இவ்வளவு தெரிந்தால் போதும், அதையும் படமே சொல்லிவிடும். கதை ஒரு கல்யாணத்தைப் பற்றியது. 17 வயது மார்ட்டி 1955க்குப் போய் மாட்டிக்கொள்கிறான். தன் அப்பாவும் அம்மாவும் சந்தித்திருக்க வேண்டிய நேரத்தில் குறுக்கே விழுந்து காரியத்தைக் கெடுத்துவிடுகிறான். அவர்கள் சேராவிட்டால் இவன் பிறக்கவே மாட்டான். கல்யாணம் பேசி முடிப்பதன் பாடு தெரிந்த நம் ஆச்சிமார்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. இணைந்து எழுதிய பாப் கேலுக்குக் கதை தோன்றியதும் வீட்டிலிருந்துதான். தன் அப்பாவின் பள்ளி ஆண்டுமலரைப் புரட்டியபோது, ஒன்றாகப் படித்திருந்தால் இவரோடு நான் பழகியிருப்பேனா என்று அவர் யோசித்திருக்கிறார்.

அடுத்த தவறுதான் பெரியது. ஆரம்பம் மெதுவாகப் போகிறதே என்று ஓட்டிவிடுவது. அந்த முதல் அரை மணி நேரத்தில் போட்ட விதையெல்லாம்தான் பிறகு முளைக்கிறது. 1985இல் மார்ட்டி வீட்டுச் சாப்பாட்டு மேசையைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜெயிலிலிருந்து இந்த முறையும் வெளியே வராத மாமாவுக்காக வாங்கிய கேக் மேசையில் கிடக்கிறது. அப்பா பழைய டிவி நிகழ்ச்சியைப் பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார். தாங்கள் எப்படிச் சந்தித்தோம் என்று அம்மா ஆயிரத்தோராவது முறையாகச் சொல்கிறாள், பிள்ளைகள் காதில் வாங்கவில்லை. பிறகு 1955இல், அம்மாவின் பிறந்த வீட்டில் அதே நிகழ்ச்சி முதன்முறையாக ஒளிபரப்பாகிறது. அந்த மாமா கைக்குழந்தையாகக் கம்பி போட்ட கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறான். மேசைக் காட்சியை ஓட்டிவிட்டவருக்கு இங்கே சிரிக்க ஒன்றும் இருக்காது. கார் நிற்கும் அங்காடியின் பெயர்ப் பலகையையும் பிள்ளைகளை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஏன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இங்கிலீஷ் படம்தானே, பெரியவர்களுக்கு எதற்கு என்று அவர்களைப் படுக்க அனுப்பிவிடுவது எனக்கு மிகவும் வருத்தமான தவறு. 1955இல் மார்ட்டியின் பெற்றோருக்குப் பள்ளிக்கூட வயது. இன்று எண்பதைத் தாண்டிவிட்ட நம் ஐயா, அப்பத்தாக்களுக்கும் அப்போது ஏறக்குறைய அந்த வயதுதான். காரைக்குடியில் அழகப்பா கல்லூரி வந்து எட்டு ஆண்டாகியிருந்தது. 1953இல் திறந்த சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தால் ஊருக்குள் விஞ்ஞானிகள் நடமாடத் தொடங்கியிருந்தார்கள். பர்மாவை விட்டு வந்த கதை வீடுகளில் இன்னும் பழசாகாத காலம். படத்தில் அப்பாவை மிரட்டும் பிஃப் வரும்போது, "ஐயா, உங்கள் பள்ளிக்கூடத்திலும் இப்படி ஒருவன் இருந்தானா?" என்று பேரன் கேட்டால், படத்தை நிறுத்திவிட்டுப் பதிலைக் கேளுங்கள். படம் எங்கும் ஓடிவிடாது.

சின்னப் பிள்ளைகளுக்கு 1985ம் பழங்காலம்தான். மார்ட்டி தாண்டுவது 30 ஆண்டுகள். அவனுடைய 1985 நம் பிள்ளைகளுக்கு அதைவிடத் தூரத்தில் இருக்கிறது. காதில் மாட்டிக் கேட்கும் வாக்மேனையும் தோளில் தூக்கும் வீடியோ கேமராவையும் பற்றி முன்கூட்டியே இரண்டு வார்த்தை சொல்லி வையுங்கள்.

குடும்பப் படம் என்றதும் நான்கு வயதுக் குழந்தையையும் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். காலம் தாண்டும் காரைக் கண்டுபிடித்த டாக்டர் பிரவுனைத் துப்பாக்கியால் சுடும் காட்சி தொடக்கத்திலேயே வருகிறது. பிஃப் காருக்குள் மார்ட்டியின் அம்மாவிடம் பலவந்தமாக நடந்துகொள்ள முயலும் இடமும், கெட்ட வார்த்தைகளும் உண்டு. பத்து வயதுக்கு மேல் என்றால் சரியாக இருக்கும் என்பது என் கணக்கு. யார் என்று தெரியாமல் அம்மாவே மகன்மேல் ஆசைப்படும் பகுதியில் சிலர் நெளிந்து, ரிமோட்டைத் தேடுவார்கள். அணைத்துவிடாதீர்கள். மார்ட்டியும் அங்கே நெளிந்துகொண்டுதான் இருக்கிறான். உடன்பிறந்தவனை முத்தமிடுவது போல் இருக்கிறது என்று கடைசியில் அவளே விலகிவிடுகிறாள்.

வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், புரொஜெக்டர் வைப்பவர்கள் நன்றாக இருட்டிய பிறகு தொடங்குங்கள். உயரமான கூரையும் ஆத்தங்குடித் தரையும் சேர்ந்து ஒலியை எதிரொலிக்கும், வசனம் குழம்பும். ஸ்பீக்கரைக் கூட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, வசன எழுத்தையும் போட்டுவிடுங்கள். எழுத்தைத் தொடர முடியாத பெரியவர்களுக்கு ஒருவர் அருகில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டு வரலாம். மணிக்கூண்டில் மின்னல் இறங்கும் இடத்தில் மட்டும் அவரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும்!

முடிவில் மார்ட்டியின் வீடு வசதியாக மாறியிருப்பதைப் பார்த்து, பணம் வந்ததுதான் வெற்றி என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்கு அந்த வசதியெல்லாம் இரண்டாம்பட்சம். குனிந்தே வாழ்ந்த அப்பா நிமிர்ந்து நடப்பதும், அம்மாவும் அவரும் கைகோத்துச் சிரிப்பதும்தான் கண்ணில் நிற்கின்றன.

இந்தப் படம் 116 நிமிடம். உற்சாகத்தில் 1989இல் வந்த இரண்டாம் பாகத்தையும் அன்றிரவே போட்டுவிடாதீர்கள். அது 2015க்குப் போய், மறுபடி 1955க்குத் திரும்பி, முதல் படத்தின் காட்சிகளுக்குள்ளேயே நுழையும் சிக்கலான கதை. தூக்கக் கண்ணோடு பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. மறுநாள் பார்க்கலாம். 1885க்குப் போகும் மூன்றாம் பாகம் அடுத்த விடுமுறைக்கு இருக்கட்டும்.