ஒக்டோபரில் தோட்டத்தை மாற்றியமைப்போம்: ரொறன்ரோப் பின்வளவுக்கான செய்முறை

செப்டெம்பர் முடிந்ததும் பயித்தங்கொடியைப் பிடுங்கி, பந்தலைக் கழற்றி, தோட்டத்தை மறந்துவிடுவது இங்கே நம்மவர் பலருடைய வழக்கம். மீண்டும் மண்ணில் கை வைப்பது மே மாதம், விக்டோரியா நாள் வாரத்தில்தான். எனக்கோ தோட்ட வேலைக்கு ஆண்டிலேயே நல்ல மாதம் ஒக்டோபர். வெயில் சுடாது, நுளம்பு கடிக்காது, மேப்பிள் மரங்கள் சிவந்து நிற்கும். காற்று குளிர்ந்துவிட்டாலும் மண்ணில் கோடைச் சூடு கொஞ்சம் மிச்சமிருப்பதால் நட்டது வேர் விடும். எந்தப் பாத்தியில் தண்ணீர் தேங்கியது, எங்கே கத்தரி காய்க்காமல் நின்றது என்பதெல்லாம் இன்னும் நினைவில் இருக்கும். பாத்தியை இடம் மாற்றவோ பெருப்பிக்கவோ நினைப்பவர்கள் மே வரை காத்திருக்க வேண்டாம்.

கீழே உள்ள நாட்கணக்கு ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டன் பக்கத்துக்கு. மொன்றியலில் இருப்பவர்கள் ஒன்றிரண்டு வாரம் முந்திக்கொள்ளுங்கள்.

1. கறிவேப்பிலையை உள்ளே எடுங்கள்

இது ஒக்டோபர் வரை பொறுக்காது. இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகத் தொடங்கும்போதே சாடி உள்ளே வந்துவிட வேண்டும். கொண்டுவரும் முன் இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். தண்டில் மண்ணிறப் பொட்டுப்போல ஒட்டியிருப்பது செதில் பூச்சி. அதை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். பிறகு குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, பூச்சிக்கென்று விற்கிற சோப்புக் கரைசலைத் தெளியுங்கள். ஒன்டாரியோவில் 2009 இலிருந்து வீட்டுத் தோட்டங்களில் இரசாயனப் பூச்சிகொல்லிகள் பெரும்பாலும் தடை. இந்தச் சோப்புக்குத் தடையில்லை. பட்ட பூச்சியை மட்டுமே அது கொல்லும், முட்டை தப்பிவிடும். ஆகவே வாரத்துக்கு ஒரு தடவையாக மூன்று நான்கு வாரம் அடிக்க வேண்டும்.

*வாசகர் பலர் கேட்டதால் சேர்க்கிறேன்:* உள்ளே வந்தபின் இலை மஞ்சளித்துக் கொட்டுகிறதே என்று பசளை போடாதீர்கள். வெளிச்சம் குறைந்ததால் மரம் ஓய்வெடுக்கிறது. மேல்மண் நன்றாகக் காய்ந்த பின் மட்டும் தண்ணீர் விடுங்கள். பசளையை மார்ச் மாதத்தில் புதுத் துளிர் கண்ட பிறகு கொடுக்கலாம்.

2. பாத்தியை எங்கே மாற்றுவது?

ஒக்டோபர் நிழலைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். ரொறன்ரோவில் ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் ஏறத்தாழ 70 பாகை உயரத்தில் நிற்கும். ஒக்டோபர் நடுவில் அது 40 பாகைக்கும் கீழே இறங்கிவிடும். இப்போது வேலி நிழலில் கிடக்கிற இடம் கோடையில் நாள் முழுக்க வெயில் குடிக்கிற இடமாக இருக்கலாம். கோடையில் எடுத்த கைபேசிப் படங்களைத் திறந்து, எந்த நேரத்தில் நிழல் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களே போதும், பின்னணியில் தோட்டம் இருக்கும்.

புதிதாகப் பந்தல் கால் ஊன்றுவதென்றால் ‘ஒன்டாரியோ வன் கோல்’ சேவைக்கு முதலில் அறிவியுங்கள். எரிவாயு, மின் இணைப்புகள் நிலத்துக்கடியில் எங்கே போகின்றன என்று வந்து குறித்துத் தருவார்கள். வீட்டுக்காரருக்கு இது இலவசம், தோண்டும் முன் கேட்பது சட்டப்படி கட்டாயமும்கூட. கால் என்றால் நான் பரிந்துரைப்பது அடித்து இறக்குகிற இரும்பு டி-போஸ்ட் மட்டுமே. மரக்கால் மண்ணில் உக்கிவிடும்.

3. புற்தரையைப் பாத்தியாக்குதல்

பலர் தடுமாறுவதும் பாதியில் கைவிடுவதும் இங்கேதான். எனக்கும் இது சரியாக வர அதிக காலம் எடுத்தது. புல்லை வெட்டிப் புரட்டத் தேவையில்லை. புரட்டினால் புல்வேர் துண்டு துண்டாகி, வசந்தத்தில் ஒவ்வொரு துண்டும் முளைக்கும். காட்போட் அட்டை விரித்து, அதன்மேல் சருகைக் கொட்டி, குளிர்காலத்தை வேலை செய்ய விடுவதுதான் முறை. கேட்க எளிது, ஆனால் மூன்று இடங்களில் பிழைக்கும்.

முதலாவது ஓரம். நடுவில் புல் செத்தாலும் சுற்றியிருக்கும் புல் பக்கவாட்டில் வேர் விட்டு உள்ளே நுழையும். அதனால் காட்போட் விரிக்கும் முன்பே பாத்தியைச் சுற்றி அரைவட்டப் புல்வெட்டியால் 12 முதல் 15 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நேர்குத்தாக வெட்டி, ஒரு கை அகலத்துக்கு மண்ணை எடுத்து வாய்க்கால் விடுங்கள். வேர் அந்த வெற்றிடத்தைத் தாண்டாது. கடையில் விற்கும் பிளாஸ்ரிக் ஓரப்பட்டியை நான் விரும்புவதில்லை. குளிர்காலத்தில் மண் உறைந்து இளகும்போது அது மேலே கிளம்பிவிடும். காசு செலவழிப்பதென்றால் நல்ல புல்வெட்டிக்குச் செலவழியுங்கள். அரம் வைத்துத் தீட்டினால் பல்லாண்டு வரும்.

இரண்டாவது நனைத்தல். உலர்ந்த காட்போட்டின் மேல் தண்ணீர் நிற்காமல் வழிந்து ஓடும். மேலே சருகைக் கொட்டிய பின் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் அட்டைவரை போய்ச் சேராது. எனவே வரிசையை மாற்றக்கூடாது: புல்லை ஒட்ட வெட்டுங்கள், நிலத்தை நனையுங்கள், அட்டையை விரியுங்கள், அது நிலத்தோடு படிந்து கிடக்கும்வரை நனையுங்கள், பிறகுதான் சருகு. மண்ணிறப் பெட்டிகளை மட்டும் எடுங்கள். மினுங்கும் பூச்சுள்ளவை உக்காது. ஒட்டுநாடாவையும் கம்பிக் கிளிப்பையும் முழுவதும் உரித்துவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் அளவாவது ஏறிக் கிடக்கட்டும். இடைவெளி விரலளவு இருந்தாலும் புல் அதைக் கண்டுபிடித்து வரும்.

மூன்றாவது சருகு. மேப்பிள் இலையை முழுசாகக் கொட்டினால் மழையில் நனைந்து அப்பளக் கட்டுப்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காற்றும் நீரும் இறங்காது. இலையைப் புல்லில் பரப்பி, பை பூட்டிய புல்வெட்டி இயந்திரத்தை மேலே இரண்டு தரம் ஓட்டுங்கள். தூளாகி, பத்துப் பை இரண்டு மூன்று பையாகச் சுருங்கும். அதை 15 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கொட்டி, மேலே கூட்டெரு ஒரு படை போட்டால் காற்றில் பறக்காது. உங்கள் வளவு இலை போதாவிட்டால் அயலவர் காகிதப் பையில் கட்டி வீதியோரம் வைப்பதைக் கேட்டு எடுங்கள், மகிழ்ச்சியோடு தருவார்கள். இலையில் கறுப்புத் தார்ப் பொட்டுகள் இருந்தால் பயப்பட வேண்டாம். அது மேப்பிளுக்கு மட்டும் வருகிற பூஞ்சணம், மரக்கறியைத் தொடாது. கறுப்பு வால்நட் இலையை மட்டும் தவிருங்கள், அதிலுள்ள ஜுக்லோன் என்னும் இரசாயனம் தக்காளி, கத்தரி இனத்துக்கு ஆகாது.

*பின்சேர்க்கை:* இந்தப் பாத்தியில் பாகலும் புடலும் மே கடைசியில் நட்டு, வளராமல் நின்றதாக சிலர் எழுதியிருந்தார்கள். காரணம் சருகுப் போர்வை; அதன் கீழே மண் தாமதமாகத்தான் சூடேறும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே, நடப்போகும் இடத்தில் சருகை ஒதுக்கி வெயில் படவிடுங்கள். அட்டை இன்னும் உக்காமல் இருந்தால் அதில் ஓட்டை வெட்டி நடலாம். முதலாண்டில் கரட், முள்ளங்கி போன்ற கிழங்குகள் வேண்டாம்; தக்காளியும் பூசணியும் நன்றாக வரும்.

4. உள்ளி நடுதல்

பழைய பாத்தி ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். ஒக்டோபரின் இரண்டாவது திங்களான தாங்ஸ்கிவிங் நாளை அடையாளமாக வைத்து, அதிலிருந்து மாதக் கடைசிக்குள் நட்டுவிடலாம். குளிர்காலக் குளிர் பட்டால்தான் உள்ளி பல் பல்லாகப் பிரியும். வசந்தத்தில் நட்டால் ஒற்றைக் குமிழாக நின்றுவிடக்கூடும். மளிகைக் கடை உள்ளியை நடாதீர்கள்: அது வேறு காலநிலையில் விளைந்தது, நோயும் கொண்டுவரலாம். உழவர் சந்தையில் ‘மியூசிக்’ என்று கேளுங்கள். ஒன்டாரியோக் குளிரைத் தாங்குகிற, பெரிய பல்லுள்ள இனம்.

பெரிய பற்களைத் தோலோடு, கூர்ப்பக்கம் மேலே இருக்க, 5 சென்ரிமீற்றர் ஆழத்தில், 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஊன்றுங்கள். மேலே வைக்கோல் ஒரு சாண் உயரம். புல்லுக்கட்டு வாங்கிவிடாதீர்கள், அதில் விதை நிறைய இருக்கும். ஜூனில் சுருண்டு வரும் பூந்தண்டை முறித்து எடுங்கள். அதைப் பால்கறி வைத்தால் வாசம் வீடு நிறையும்.

5. பூக்களும் அணில்களும்

1945 இல் நெதர்லாந்து அரச குடும்பம், போர்க்காலத்தில் அடைக்கலம் கொடுத்ததற்கு நன்றியாக ஒட்டாவாவுக்கு ஒரு இலட்சம் ரியூலிப் குமிழ்கள் அனுப்பியது. அந்த ரியூலிப்புகள் மேயில் பூப்பதை ஒருமுறை பார்த்தால் உங்கள் வளவிலும் வேண்டுமென்று தோன்றும். 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் நட்டு, அணில் கிண்டாதபடி மேலே கோழிவலையை விரித்து மண்ணால் மூடுங்கள். அணிலை விரட்டத் தூவும் மிளகாய்த்தூள் மழையோடு போய்விடும், வலை நிற்கும். வலை போட மனமில்லாதவர்கள் டஃபடில் நடலாம். அதில் நஞ்சு இருப்பதால் அணில் தொடாது.

6. எதைத் தொடக்கூடாது

நோய் பிடித்த தக்காளிச் செடியை அகற்றுங்கள். அஸ்டர், கோல்டன்ரொட் பூச்செடிகள் இரண்டையும் அப்படியே விடுங்கள். மெக்சிக்கோவுக்குப் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகளுக்குச் செப்டெம்பரில் தேன் கொடுப்பவை அவைதாம். காய்ந்த கூம்புப்பூ (கோன்ஃபிளவர்) தலைகளை மஞ்சள் ஃபிஞ்சுக் குருவிகள் கொத்தித் தின்ன வரும். பொந்துள்ள தண்டுகளில் காட்டுத் தேனீக்கள் குளிரைக் கழிக்கும். ஒரு கதிரையைப் பாத்தியோரம் போட்டு, தேநீரோடு இவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒக்டோபர் வேலைகளில் சேர்த்தி.

மண் இறுகும் முன், கடைசியாக வெளிக்குழாய். அதில் பூட்டியிருக்கும் நீண்ட ஹோஸ் குழாயைக் கழற்றி உள்ளே வைத்து, வீட்டுக்குள் இருக்கும் வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீர் வடியவிடுங்கள். குளிர்காலம் முடியும்வரை அது திறந்தபடியே இருக்கட்டும்.